மக்கள் தொடர்பு தாளில் நான் கோட்டைவிட்ட இடம்

இதழியல் முதுகலையில் மக்கள் தொடர்பு, அதாவது பி.ஆர். தாள் என்றால் சீனியர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: கதை அளந்தாலே பாஸ். நானும் முந்தின ராத்திரி நோட்ஸைப் புரட்டிவிட்டுப் போய் அரியர் வைத்தேன். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால், பக்கம் பக்கமாக விளம்பரத்தைப் பற்றியே எழுதி வைத்திருக்கிறேன்! விளம்பரத்தில் காசு கொடுத்து இடம் வாங்குகிறோம், அதில் நாம் சொன்னதுதான் வரும். மக்கள் தொடர்பில் செய்தியைக் கொடுப்பதோடு சரி, போடுவதும் வெட்டுவதும் குப்பையில் எறிவதும் ஆசிரியர் பாடு. இது புரியாமல் மேலே படித்துப் பிரயோஜனமே இல்லை.

மறுதேர்வுக்குப் புத்தகத்தைவிட வீட்டுக்கு வரும் பேப்பர்தான் கைகொடுத்தது. மின்தடை அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 'பராமரிப்புப் பணி காரணமாக காலை 9 மணி முதல்' என்று ஆரம்பித்து, தெருத்தெருவாகப் பெயர் போட்டு, 'அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்' என்று முடியும். அம்மா அதைப் பார்த்த உடனே மோட்டாரைப் போட்டு டேங்கை நிரப்பி, ஒன்பது மணிக்குள் மாவும் அரைத்துவிடுவார். க்ரூனிக், ஹண்ட் என்ற இரண்டு அறிஞர்கள் 1984-ல் சொன்ன நான்கு மக்கள் தொடர்பு மாதிரிகளில் இரண்டாவதான 'பொதுத் தகவல்' இதுதான். நடிகர் வரும் நேரம் பார்த்துக் கூட்டம் சேர்த்துப் பரபரப்பு கிளப்புவது முதலாவது. மக்கள் மனசு என்ன என்று சர்வே எடுத்து, அதை வைத்தே அவர்களை நம் வழிக்குக் கொண்டுவருவது மூன்றாவது. இரண்டு பக்கமும் பேசி இரண்டு பக்கமும் மாறுகிற 'சமச்சீர்' மாதிரியான நான்காவதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தை அதற்கு உதாரணமாக எழுதலாம், ஆனால் மனு வாங்கினால் மட்டும் போதாது, அந்த மனுவால் அலுவலகத்தின் முடிவும் மாறினால்தான் அது சமச்சீர். இந்த ஒரு வரியை எழுதினால் திருத்துகிறவருக்கு நீங்கள் புரிந்துதான் எழுதுகிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

வரலாற்றுக் கேள்விக்கு அமெரிக்க மக்கள் தொடர்பு முன்னோடி ஐவி லீயை விடாதீர்கள். 1906 அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி பக்கம் ரயில் பாலத்திலிருந்து விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, மூடி மறைக்காமல் ரயில் கம்பெனியே முந்திக்கொண்டு விவரம் கொடுக்கும்படி செய்தவர். நம் ஊர் உதாரணம் வேண்டும் என்றால் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன்: 1958-ல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு ஸ்டில்களைப் பத்திரிகை பத்திரிகையாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர், தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. இன்று டைட்டிலில் 'மக்கள் தொடர்பு' என்று ஒரு பெயர் ஓடுகிறதே, அது அங்கிருந்து வந்ததுதான். நெருக்கடி மேலாண்மைக்கு அமெரிக்காவில் வலி மாத்திரையில் யாரோ விஷம் கலந்து ஆட்கள் இறந்த 1982 டைலனால் விவகாரம் போதும், அது எல்லா நோட்ஸிலும் இருக்கிறது.

அப்புறம் செய்திக் குறிப்பு எழுதும் கேள்வி. இதற்கு மட்டும் கை பழக வேண்டும். பேப்பரில் வந்த அறிவிப்புகளில் ஆறேழைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி, தினம் ஒன்றை என் வார்த்தையில் திருப்பி எழுதினேன். தேர்வில் வந்தது மின்தடை இல்லை, குடிநீர்க் குழாய் உடைப்பு. தலைவர் வாழ்த்து, துறையின் சாதனை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எந்தெந்தத் தெருவுக்குத் தண்ணீர் வராது, திரும்ப எத்தனை மணிக்கு வரும் என்று முதல் வரியிலேயே போட்டேன். அம்மா படித்தால் குடத்தை எடுத்து வைக்கிற மாதிரி.