ஒன்றைத் திறந்தார்கள், இரண்டை விட்டுவைத்தார்கள்

விடியற்காலை மூன்று மணிக்கு வந்த வலியை வாயுப் பிடிப்பு என்று நினைத்து அரை மணி நேரம் வீணாக்கினேன். தாடை வரை இழுத்துப் பிடித்து, உடுத்தியிருந்தது நனையும் அளவுக்கு வேர்த்த பிறகுதான் மகளை எழுப்பினேன். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ஹார்ட் அட்டாக் என்றார்கள், குழாய் அடைப்பைப் பார்த்துத் திறக்கும் கேத் லேபுக்கு நேராகக் கொண்டு போனார்கள்.

ஆஞ்சியோ படத்தில், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மூன்று குழாய்களிலும் அடைப்பு. வலது குழாய் முழுக்க மூடியிருந்தது, அட்டாக்குக்குக் காரணம் அதுதான். எல்ஏடி என்கிற முன்பக்கக் குழாயில் 80 சதவீதம், சர்கம்ஃப்ளெக்ஸ் என்கிற பக்கவாட்டுக் குழாயில் 60 சதவீதம். வலது குழாயில் மட்டும் ஸ்டென்ட், அதாவது குழாயைத் திறந்து வைத்திருக்கும் சின்ன வலைக் குழல், வைத்துவிட்டு ஐசியூவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் மகள் டாக்டரிடம், "உள்ளே போனதுதான் போனீர்கள், மூன்றையும் ஒரே தடவையில் முடித்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். எனக்கும் அதே ஆதங்கம். பாதியில் விட்டுவிட்டார்களோ என்று இருந்தது.

டாக்டர் அவசரப்படாமல் உட்கார்ந்து பேசினார். மூடிய குழாயைத் திறக்காத ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை சாகும், அதனால் அதை உடனே செய்தாக வேண்டும். மற்ற இரண்டிலும் ரத்தம் போய்க்கொண்டுதான் இருந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எனக்குக் கொஞ்சம் கூடுதல், பிரஷரும் இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் குழாய் படத்தில் தெரிவதற்காக ஏற்றும் மருந்துச் சாயத்தை மேலும் மேலும் ஏற்றினால் சிறுநீரகம் தாங்காது என்று பயந்திருக்கிறார். பிரஷர் ஒரேயடியாக விழுந்து ஷாக்கில் இருப்பவர்களுக்கு எல்லாவற்றையும் உடனே செய்வதைவிட, காரணமான குழாயை மட்டும் முதலில் திறப்பதே நல்லது என்று 2017-இல் வந்த கல்ப்ரிட்-ஷாக் ஆய்வு காட்டியதாம்.

"அதற்காக மற்றதை அப்படியே விடப் போவதில்லை அம்மா" என்றவர், 2019-இல் வெளியான கம்ப்ளீட் ஆய்வைப் பற்றிச் சொன்னார். ஹார்ட் அட்டாக் வந்து, வேறு குழாய்களிலும் அடைப்பு இருந்த 4,041 பேரைச் சுமார் மூன்று வருடம் கவனித்திருக்கிறார்கள். காரணமான குழாயை மட்டும் சரிசெய்தவர்களில் 10.5 சதவீதம் பேருக்கு இதய மரணமோ மறு அட்டாக்கோ நேர்ந்தது. மற்ற முக்கிய அடைப்புகளையும் எடுத்தவர்களில் அது 7.8 சதவீதம். மீதியை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே செய்தாலும், வீட்டுக்குப் போய் 45 நாளுக்குள் திரும்பி வந்து செய்தாலும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

ஆனாலும் வீட்டில் காத்திருந்த நாட்கள் கொடுமை. ராத்திரி தலையணையில் காதை வைத்தால் நெஞ்சுத் துடிப்பு கேட்கும், அதை எண்ணிக்கொண்டே விழித்திருப்பேன். நான்காம் நாள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கியது. இன்னொரு குழாயும் மூடிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தால் ஈசிஜியில் மாற்றமில்லை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த டிகாக்ரெலர் மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யுமாம். நல்லவேளை, நானாக மாத்திரையை நிறுத்தவில்லை. புது ஸ்டென்ட் இருக்கும்போது இந்த மாத்திரைகளை இஷ்டத்துக்கு நிறுத்தினால் உள்ளே ரத்தம் உறைந்து திடீரென்று மூடிக்கொள்ளும்.

24-ஆம் நாள் இரண்டாம் தடவை. மறுபடி மணிக்கட்டு வழியாகத்தான், இந்த முறை பயமும் குறைவு. எல்ஏடியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்புறம் சர்கம்ஃப்ளெக்ஸுக்குள் அழுத்தம் அளக்கும் மெல்லிய கம்பியை விட்டு, குழாய்களை விரிக்கும் அடினோசின் மருந்தை ஏற்றினார்கள். நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல ஒரு கனம், முகமெல்லாம் சூடு. "ஒரு நிமிஷம்தான், போய்விடும்" என்று நர்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மருந்தை நிறுத்தியதும் சொன்னபடியே போய்விட்டது. அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தத்தை அதற்கு முன்னால் உள்ளதோடு ஒப்பிட்டு, திரையில் வந்த எண் 0.87. 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தை உண்மையிலேயே தடுக்கிறது என்று கணக்காம்.

"இதையும் வைத்து முடித்துவிடுங்களேன்" என்று படுத்தபடியே கெஞ்சினேன். டாக்டர் மறுத்துவிட்டார். தேவையில்லாத இடத்தில் ஸ்டென்ட் வைத்தால் அதுவே நாளை உறையலாம், மறுபடி சுருங்கலாம். அதற்கு மாத்திரை போதும் என்றார். முழுமையான சிகிச்சை என்றால் கண்ணில் பட்ட அடைப்பிலெல்லாம் ஸ்டென்ட் வைப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இதே நிலையில் இருப்பவர்கள் டிஸ்சார்ஜ் ஆகும்போதே எந்தக் குழாயில் எவ்வளவு மீதி இருக்கிறது, எப்போது செய்வார்கள், அளந்து பார்ப்பார்களா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் வந்து, இரண்டு முறை போன் செய்ய வேண்டியதாயிற்று. இன்னொன்று, மேலே சொன்ன கணக்கு அட்டாக் வந்தவர்களுக்கானது. அட்டாக் வராமல், நடக்கும்போது மட்டும் நெஞ்சு வலிக்கிறவர்களுக்கும், சர்க்கரையோடு மூன்று குழாயிலும் அடைப்பு உள்ளவர்களுக்கும் பேச்சே வேறு. சர்க்கரை உள்ளவர்கள் பைபாஸ் பற்றியும் கட்டாயம் கேளுங்கள்.

இப்போது ஆறு மாதம் ஆகிறது. இரண்டு மாடி நிற்காமல் ஏறுகிறேன். அந்த 60 சதவீதம் உள்ளேதான் இருக்கிறது, அதன் மேல் காது வைத்துப் படுப்பதை நிறுத்திவிட்டேன்.