ஐம்பது நாள் ஈஸ்டர்

எங்கள் வேதபாட ரீச்சருக்கு ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்பு முடியும்போது ஒரு மனக்குறை வரும். விடுதிப் பிள்ளைகள் நாற்பது நாளும் மச்ச மாமிசம் தொடமாட்டோம். பெரிய வெள்ளியன்று வெள்ளைச் சட்டையோடு மூன்று மணி நேர ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் அசையாமல் இருப்போம். உயிர்த்த ஞாயிறு மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டதும் பண்டிகை முடிந்துவிடும். பிறகு வீட்டுக்குப் போக உடுப்புப் பெட்டி அடுக்குகிற அவசரம். "நாற்பது நாள் அழத் தெரிஞ்ச உங்களுக்கு ஐம்பது நாள் சந்தோஷப்படத் தெரியாதோ?" என்று கேட்பார். ஈஸ்டர் ஒரு நாள் அல்ல, பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே திருநாள் வரை ஐம்பது நாள் என்பதை அவர் வாயால்தான் முதலில் கேட்டேன். அவர் பெயரை நான் எழுதத் தேவையில்லை. எழுபதுகளில் யாழ்ப்பாணத்து உடுவில் பெண்கள் பள்ளி விடுதியில் இருந்தவர்களுக்கு அந்தக் குரல் இப்போதும் காதில் விழும்.

விடுமுறை முடிந்து திரும்பி வந்ததும் மிச்ச நாட்களுக்கு வேலை தருவார். சனிக்கிழமை பின்னேரங்களில் இரண்டிரண்டு பேராகச் சுற்றுவட்டார ஒழுங்கைகளுக்குள் அனுப்பிவிடுவார். தனியாக இருக்கிற வயதான அம்மாமார் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போய், கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுத்து, அவர்கள் சொல்லுகிற கதையைக் கேட்டுவிட்டு வர வேண்டும். போன இடத்தில் பிரசங்கம் வைக்கக்கூடாது, இது கண்டிப்பான சட்டம். ஒன்றும் கொண்டுபோகத் தேவையில்லை என்பார். உடனே, கையை வீசிக்கொண்டு போகவும் வேண்டாம் என்பார். கடைசியில் விடுதித் தோட்டத்துத் தேசிக்காய் இரண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவோம்.

அந்த வீடுகளில் பாதி, மலாயா பென்சன்காரர் வீடுகள். மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே ரயில்வேக்கும் நில அளவைக்கும் கிளாக்கர் வேலைக்கும் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள் அல்லவா? பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து கல்வீடு கட்டிக் கண்ணை மூடிவிட்டார்கள். மனைவிமார் தனியே இருந்தார்கள். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும். அங்கிருந்து வருகிற நீல நிற எயார் மெயிலை நாங்கள்தான் உரத்து வாசித்துக் காட்டவேண்டும். செராங்கூன் ரோடு, சிலோன் ரோடு என்ற பெயர்களை உலகப் படத்தில் சிங்கப்பூர் எங்கே இருக்கிறது என்று தெரியுமுன்னரே நான் வாசித்துவிட்டேன்.

இங்கே சிங்கப்பூர்க்காரருக்கு ஒரு பெருமையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். சோபியா பிளாக்மோர் 1887ல் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது தமிழ்ப் பெண்பிள்ளைகளோடு பள்ளி தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த பெண்கள் பாடசாலை அதுதான். ஆனால் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிப்பிக்கத் தொடங்கியது 1824ல். நாங்கள் அறுபத்துமூன்று வருடம் மூப்பு. உடுவிலுக்கு 1840ல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது வருடம் பள்ளியை நடத்தினார், அமெரிக்காவுக்கு ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. சரி, பெருமை போதும்.

கலியாணம் முடித்து எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூருக்கு வந்தேன். எங்கள் சபையின் பெயரைப் போடவேண்டாம் என்று பெண்கள் ஐக்கியத்தார் சொல்லிவிட்டார்கள். செய்ததைச் சொல்லி விளம்பரம் தேடுகிறோம் என்று ஆகிவிடுமாம். தமிழ்ச் சபை என்பதோடு விடுகிறேன். இங்கேயே பிறந்தவர்கள், யாழ்ப்பாணத்தார், திருநெல்வேலி நாகர்கோவில் பக்கத்தார் எல்லாரும் கலந்த கூட்டம். ஒரே கீர்த்தனைக்கு மூன்று மெட்டு இருக்கும், எது சரியென்று வருடக்கணக்காக வழக்கு நடக்கும்.

இங்கே பெரிய வெள்ளிக்கு லீவு உண்டு. முன்பு அடுத்த சனிக்கும் ஈஸ்டர் திங்களுக்கும்கூட இருந்ததாம். 1968ல் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது அவை போய்விட்டன. ஆகவே உயிர்த்த ஞாயிறு பின்னேரமே மறுநாள் அலுவலகத்துக்குச் சட்டை அயர்ன் பண்ணத் தொடங்கிவிடுவோம். ரீச்சர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

ஈஸ்டர் விடியற்கால ஆராதனை இன்னொரு கூத்து. 1982ல் சிங்கப்பூர்க் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி வைத்துவிட்டார்கள், சூரியன் அதற்குச் சம்மதிக்கவில்லை. வருடம் முழுக்க அவர் ஏழு மணிக்குத்தான் எட்டிப் பார்ப்பார். ஐந்தரைக்கு ஆராதனை தொடங்கினால், போதகர் சுருக்கமாகப் பேசுகிறவராக இருந்தால், ஆசீர்வாதம் கூறி முடிந்த பிறகும் வெளியே கும்மிருட்டு. அந்த நேரத்தில் எம்ஆர்டியும் ஓடாது. யார் காரில் எந்தப் பாட்டி வருகிறார் என்று பெரிய வெள்ளிக்கு முன்பே ஒரு கார் லிஸ்ட் போடவேண்டும். அந்த லிஸ்டைப் பல வருடம் நான்தான் வைத்திருந்தேன். சபையில் யாருக்கு முழங்கால் வலி, யாருக்கு இரவில் கண் தெரியாது, யார் யாரோடு ஒரே காரில் ஏறமாட்டார் எல்லாம் எனக்கு அத்துப்படியானது அப்படித்தான்.

ஐம்பது நாள் விஷயம் சபைக்குள் வந்தது 2019க்குப் பிறகு.

அந்த ஏப்ரல் 21 காலை ஆராதனைகள் முடிந்து, பீஹூன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். இங்கே பதினொன்றேகால் தாண்டியிருக்கும், இலங்கையில் காலை எட்டே முக்கால். முதலில் ஒரு போன் அடித்தது, பிறகு எல்லோருடைய போனும் அடித்தது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், கொழும்பு ஹோட்டல்கள், எல்லா இடத்திலும் குண்டு வெடித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். அங்கே ஓய்வுநாள் பள்ளி முடிந்து வெளியே நின்ற சிறுபிள்ளைகள் பலர் இறந்துபோனார்கள். நாடு முழுவதும் இருநூற்று அறுபது பேருக்கு மேல். எங்களில் ஒருத்தி மட்டக்களப்புக்காரி. அவள் கையில் சவர்க்கார நுரையோடு அப்படியே நின்றாள். யாரும் ஜெபம் பண்ணுவோம் என்று சொல்லவில்லை. ஒருவர் கதிரை கொண்டுவந்து போட்டார், ஒருவர் குழாயை மூடினார்.

அடுத்த ஞாயிறு போதகர் ஆறுதல் வசனம் எதையும் தேடவில்லை. மாற்கு பதினாறாம் அதிகாரத்தை எடுத்தார். கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கி ஓடிவிட்டார்கள், பயத்தினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மிகப் பழைய கைப்பிரதிகளில் அந்தச் சுவிசேஷம் எட்டாம் வசனத்தோடு, அந்தப் பயத்தோடேயே முடிகிறது என்றார். அதோடு அவரும் முடித்து உட்கார்ந்துவிட்டார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அன்று அதைவிட நல்ல பிரசங்கம் இருந்திருக்க முடியாது.

பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் நாகர்கோவில் அக்கா ஒருவர்தான் கேட்டார்: "பயந்து ஓடினவங்க அப்புறம் யார்கிட்டயோ போய்ச் சொல்லித்தானே நமக்குத் தெரிஞ்சது? எங்க போனாங்க?" அப்போதுதான் ரீச்சரின் சனிக்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன். தேசிக்காய்க் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள், பிறகு ஒருவர் பேனை எடுத்தார். வீட்டை விட்டு வெளியே வரமுடியாதவர்கள் யார் யார் என்று எழுத ஆரம்பித்தால் தாள் நிறைந்துவிட்டது. பக்கத்து வாங்கில் இருந்து பாடியவர்கள், எப்போது வராமல் போனார்கள் என்று யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லை.

முதலில் போனது தோ பாயோவில் ஒரு திருநெல்வேலிப் பாட்டி வீடு. பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக். மகள் வேலைக்குப் போய்விட்டாள், பணிப்பெண் கதவைத் திறந்தாள். பாட்டி எங்களைப் பார்த்ததும், "ஜெபம் சுருக்கமா இருக்கட்டும் தாயி, வசந்தம் டிவில நாடகம் வந்துரும்" என்றார். ரீச்சர் இருந்திருந்தால் பாட்டியைக் கட்டிப்பிடித்திருப்பார். நாங்களும் உட்கார்ந்து அந்த நாடகத்தைப் பார்த்தோம். யார் கொடுமைக்காரி, யார் அப்பாவி என்று பாட்டி விளக்கினார். போகும்போது, அடுத்த தரம் வந்தால் பாமாலையைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

மறு வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 12. கொரோனாவுக்காக எல்லாரையும் வீட்டில் இருக்கச் சொன்ன நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் ஏப்ரல் 7லேயே தொடங்கிவிட்டது, யார் வீட்டுக்கும் யாரும் போகமுடியாது. வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளை அதற்கு முன்பே மூடத் தொடங்கியிருந்தார்கள். அங்கே மூன்று லட்சம் பேர் வரையில் இருந்தார்கள். ஞாயிறுதோறும் துவாஸ் பக்கமிருந்து பஸ் மாறி மாறி எங்கள் ஆராதனைக்கு வருகிற தம்பிமாரும் உள்ளே. சரி, லிஸ்டைத் திருப்பிப் போட்டோம். இதுவரை நாங்கள் போய்ப் பார்த்த பாட்டி தாத்தாமாருக்கு ஆளுக்கொரு தம்பியின் நம்பரைக் கொடுத்தோம்: பெந்தெகொஸ்தே வரை தினமும் ஒரு போன்.

தோ பாயோ பாட்டிக்கு வாய்த்தவன் தூத்துக்குடிப் பையன், கட்டடத்தில் கம்பி கட்டுகிறவன். பாட்டி கேட்பதெல்லாம் இரண்டே கேள்வி: இன்றைக்குப் பொட்டலத்தில் என்ன வந்தது, காய்ச்சல் பார்த்தார்களா. அந்த அறையில் பன்னிரண்டு பேர். பாட்டியின் குரல் எட்டூருக்குக் கேட்கும் என்பதால் போனைக் காதில் வைத்தாலும் எல்லோருக்கும் கேட்கும். கொஞ்ச நாளில் ராமநாதபுரத்து முஸ்லிம் தம்பி ஒருவன் போனை வாங்கித் தன் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். பிறகு பட்டுக்கோட்டைக்காரன். பாட்டி ஒருவனுக்கு மருமகள் சண்டையைத் தீர்த்துவைத்தார், இன்னொருவனை அம்மாவுக்குப் பணம் அனுப்பவில்லை என்று ஏசினார். பெந்தெகொஸ்தே மே 31ல் வந்தது. முறியடிப்புத் திட்டம் அதற்கு அடுத்த நாளோடு முடிந்தது. நாட்காட்டியைப் பார்த்துப் போதகரே அசந்துவிட்டார். ஆனால் தங்குவிடுதிகளின் கதவு அதற்குப் பிறகும் பல மாதம் சரியாகத் திறக்கவில்லை. பாட்டியும் போனை நிறுத்தவில்லை.

என் கணவரின் அம்மா, என் மாமியின் கதையையும் எழுதத்தான் வேண்டும். மாமா பிடாடாரி சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். 1908ல் திறந்த இடம். சிங்கப்பூர் யாழ்ப்பாணத்தார் எத்தனையோ பேர் அங்கே கிடந்தார்கள். வீடு கட்டுவதற்காக 2001லிருந்து அங்கிருந்த ஐம்பத்தெட்டாயிரம் கிறிஸ்தவக் கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். "செத்த மனுசனையும் வீடு மாறச் சொல்லுறாங்கள்" என்று மாமி கோபப்பட்டார். ஆனாலும் தனக்கு மண்தான் வேண்டும், நெருப்பு வேண்டாம் என்றுவிட்டார். இப்போது புதைக்க இடமிருப்பது சுவா சூ காங்கில் மட்டும்தான், அதுவும் 1998லிருந்து பதினைந்து வருடக் கணக்கு. அது முடிந்தால் எடுத்து, எரித்து, சாம்பலை மாடத்தில் வைக்கவேண்டும். மாமிக்கு இது தெரியும். "பதினைஞ்சு வருசம் காணும், அதுக்குள்ள ஆண்டவர் வந்திடுவார்" என்றார்.

வரவில்லை. சில வருடங்களுக்கு முன், ஈஸ்டர் முடிந்த அடுத்த கிழமை காலையில் போய் நின்றோம். என் கணவர், மகன், போதகர், நான். அழைக்காமலே நாகர்கோவில் அக்காவும் இன்னும் மூன்று பேரும் பிளாஸ்கோடு வந்து நின்றார்கள். குழிக்குள் இறங்கியவர் ஒவ்வொரு எலும்பாகக் கையால் துடைத்துத்தான் மேலே கொடுத்தார். மண் களிமண், செம்மஞ்சள் நிறம். சேலையில் ஜரிகைக் கரை மட்டும் ஒரு முழம் மிஞ்சியிருந்தது. பிறகு அவர் ஒரு நிமிடம் தடவிப் பார்த்து எதையோ எடுத்து நீட்டினார்: மாமியின் பல் செட், ஒரு பல்கூடக் குறையாமல். என் மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, என் கணவருக்கும் வந்தது, அப்புறம் அவர் அழுதார்.

போதகர் எசேக்கியேலின் உலர்ந்த எலும்புகளை வாசிப்பார் என்று நினைத்தேன். அவர் வாசித்தது யோவான் இருபத்தோராம் அதிகாரம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் ஒன்றும் பிடிபடாமல் வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிற இடம். வாசித்து முடிந்ததும் அக்கா பிளாஸ்கைத் திறந்தார். குழி வெட்டினவர்களுக்கு முதலில் கோப்பி, பிறகு எங்களுக்கு. மாமியின் பெட்டி பக்கத்தில் இருக்க, நின்றபடியே குடித்தோம்.

இப்போதைய நிலவரம்: லிஸ்டில் ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், போய்ப் பார்க்கிறவர்களுக்கும் வயதாகிறது. தாதிமை இல்லங்களுக்குப் போனவர்கள் பலர். அங்கே பார்வை நேரம் உண்டு, சனிக்கிழமை பின்னேரம் வசதி. தோ பாயோ பாட்டிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, இப்போது கேட்பது குறைவு, ஏசுவது குறையவில்லை. சிங்கப்பூரில் இருக்கிற உடுவில் பழைய மாணவிகள் யாராவது வர விரும்பினால் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுக்கலாம். எந்தச் சபை, எந்தக் கோயில் என்று கேட்கமாட்டோம். இப்போது வருகிறவர்களில் இரண்டு பேர் செண்பக விநாயகர் கோயிலுக்குப் போகிற அக்காமார். கார் ஓட்டத் தெரிந்தவர்கள் உடனே வேண்டும். ஈசூனுக்கும் பிடோக்குக்கும் ஆளே இல்லை.