நாராவில் அம்மாவோடு ஐந்து நாள்

நவம்பர் 5

ஒசாகா நம்பாவிலிருந்து கின்டெட்சு ரயிலில் நாற்பது நிமிடம்தான் நாரா. அவ்வளவு பக்கம் என்பதாலேயே இந்த ஊருக்கு ஒரு குறை வந்து சேர்ந்துவிட்டது, முக்கால்வாசிப் பேர் காலையில் வந்து மானுக்கு பிஸ்கட் போட்டு, பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு மதியம் திரும்பிவிடுகிறார்கள். 710லிருந்து 784 வரை ஜப்பானின் தலைநகரம் இதைச் சுற்றித்தான் இருந்தது. அதற்கும் முந்தைய தலைநகரப் பகுதியான அசுகா இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம். அரை நாளில் முடிகிற சமாச்சாரமா இது? நாங்கள் ஐந்து நாள் ஒதுக்கியிருக்கிறோம்.

அம்மா புளிக்காய்ச்சல் பாட்டில் கொண்டு வந்திருக்கிறார். சைவக்காரர்கள் கவனத்துக்கு: காய்கறி சூப் என்று சொன்னாலும் அடியில் மீன் வடித்த தாஷி இருக்கும். இன்று ஒரு கடையில் விசாரித்த பிறகும் அதுவே வந்தது, அம்மா இரண்டாவது வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார். நாளையிலிருந்து வெறும் சோறு, புளிக்காய்ச்சல், உமே என்கிற ஜப்பானியப் பிளம் ஊறுகாய் வைத்த அரிசி உருண்டை.

நவம்பர் 6

விடியற்காலையில் பூங்காவுக்குப் போங்கள், கூட்டம் வருவதற்கு முன்னால். பனி படர்ந்த புல்லில் மான்கள் படுத்துக் கிடக்கின்றன, மொத்தம் ஆயிரத்துக்கும் மேல். கசுகா ஆலயத்துத் தெய்வத்தின் தூதர்களாக இவற்றை மதிக்கிறார்கள், அதனால் விரட்டுவாரில்லை. பிஸ்கட்டை நீட்டினால் தலையைத் தாழ்த்தி வணங்குகின்றன, நாமும் வணங்கினால் மறுபடி வணங்குகின்றன. அம்மா ஒவ்வொரு மானுக்கும் கைகூப்பிவிட்டுத்தான் கொடுத்தார்.

அப்புறம் பெரிய புத்தர் இருக்கும் தோதாய்ஜி கோயில். தெற்கு வாசலில் இரு பக்கமும் எட்டு மீட்டருக்கு மேல் உயரமான காவல் தெய்வங்கள், மரத்தில். நம் துவாரபாலகர்கள் போல, ஆனால் இன்னும் உக்கிரம். 1203இல் உன்கேய், கைகேய் முதலான சிற்பிகள் 69 நாளில் முடித்தார்களாம். கம்பி வலைக்குள் இருப்பதால் பலரும் கவனிக்காமல் நேரே உள்ளே போகிறார்கள். தயவுசெய்து நின்று பாருங்கள்.

உள்ளே புத்தர், சுமார் 15 மீட்டர் வெண்கலம். மண்டபம் 1180இலும் 1567இலும் போரில் எரிந்தது. இப்போது நிற்பது 1709இல் முடிந்தது, அகலம் 57 மீட்டர், பழையது இன்னும் மூன்றில் ஒரு பங்காவது அகலமாக இருந்திருக்கிறது. 752இல் இந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர், 736இல் ஜப்பானுக்கு வந்த துறவி. அவருடைய நினைவாக எழுதிய பழைய கல்வெட்டு வாசகம் அவரைத் தென்னிந்தியர் என்றே சொல்கிறது. தூரிகையில் நீளமான பட்டுக் கயிறு கட்டி, கூடியிருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டு கண் திறப்பதில் பங்கு கொண்டார்களாம். அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்னும் இருக்கின்றன. தேர் வடத்தைத் தொட்டால் போதும் என்று நினைக்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். அம்மாவிடம் சொன்னேன், அவர் ரொம்ப நேரம் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து மண்டபத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் சிவப்புத் துணி போர்த்திய மர உருவம். பின்சுரு, அதாவது புத்தரின் சீடர் பிண்டோல பாரத்வாஜர். நமக்கு எங்கே வலிக்கிறதோ அவருடைய அந்த இடத்தைத் தடவி, பிறகு நம் உடம்பில் தடவிக்கொள்ள வேண்டும். முழங்கால் பக்கம் மரம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அம்மா எட்டித் தொட்டார், தன் முட்டியைத் தடவிக்கொண்டார், அப்புறம் ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்காக இன்னொரு தரம்.

மாலையில் நிகட்சுதோ, தோதாய்ஜியைச் சேர்ந்த மேட்டு மண்டபம். கட்டணம் இல்லை, மர மாடத்தில் நின்றால் ஊரே தெரிகிறது. மார்ச் முதல் இரண்டு வாரம் இங்கே தீப்பந்த விழா, அதுவும் 752இல் தொடங்கியது, ஓர் ஆண்டுகூட விடவில்லை என்கிறார்கள்.

நவம்பர் 7

ஷோசோயின் பொருள்களை ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் கடைசியிலிருந்து இரண்டு வாரம் மட்டும், தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். மொத்தம் சுமார் 9,000 இருக்கின்றன, வெளியே வருவது அறுபது போல. நேரம் குறித்து முன்பதிவு செய்தால்தான் உள்ளே விடுவார்கள்.

பொன்னும் கண்ணாடியும் பார்க்கக் கூட்டம் நெருக்குகிறது, எனக்குப் பிடித்தது பழைய காகிதங்கள்தான். இந்தக் கருவூலத்து ஏடுகளில் சூத்திரம் படியெடுத்த எழுத்தர்கள் தயாரித்த ஒரு விண்ணப்ப வரைவு உண்டு. நாளெல்லாம் மேசை முன் உட்கார்ந்து நெஞ்சு வலிக்கிறது, கால் மரத்துப்போகிறது, மூன்று நாளுக்கு ஒருமுறை மது கொடுங்கள், துவைத்தாலும் நாறுகிற உடைக்குப் பதில் புதிது கொடுங்கள் என்று கேட்கிறார்கள். 8ஆம் நூற்றாண்டுக் குமாஸ்தா!

மதியம் கோஃபுகுஜி கோயில். 734இல் செய்த அசுரர் சிலைக்காகவே போனோம். அரக்குப் பூச்சில் செய்தது, மூன்று முகம், ஆறு கை, ஒல்லியான கைகள். நாம் பார்த்துப் பழகிய அசுரனே இல்லை. அழப் போகிற பையனின் புருவம். "அசுரன்னு சொல்ற, திட்டு வாங்கின பிள்ளை மாதிரில்ல நிக்குது" என்றார் அம்மா. பக்கத்திலேயே கந்தர்வரும் கருடரும்.

கசுகா ஆலயத்துக்குப் போனதும் இன்றே. கல்லும் வெண்கலமுமாக 3,000 விளக்குகள். இருட்டறை ஒன்றில் சிலதை எப்போதும் ஏற்றி வைத்திருக்கிறார்கள், அங்கிருந்து அம்மாவைக் கிளப்பத்தான் நேரமாயிற்று.

நவம்பர் 8

ஹோர்யூஜி கோயில். இதை விட்டுவிட்டு நாரா பார்த்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. 607இல் இளவரசர் ஷோதோகு கட்டியது, 670இல் எரிந்து, பிறகு எழுந்தது. இப்போது உலகில் நிற்கிற மரக் கட்டடங்களில் மிகப் பழையவை இங்கேதான். கோபுரத்தின் நடுத்தூணை ஆராய்ந்தால், மரம் வெட்டியது 594 என்று வருகிறது. தீக்கும் முந்தைய மரம் எப்படி அங்கே வந்தது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லோரும் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கிறார்கள். குனிந்து கீழ்த்தளத்துக்குள் பாருங்கள், வடக்குப் பக்கம். வலைக்குப் பின்னால் அரை இருட்டு, கண் பழக ஒரு நிமிடமாவது ஆகும். படுத்திருக்கும் புத்தர், சுற்றிலும் சீடர்கள், எல்லாம் 711இல் செய்த களிமண் பொம்மைகள். ஒருவர் வாயைப் பிளந்து கதறுகிறார், ஒருவர் மார்பில் அடித்துக்கொள்கிறார், விலா எலும்பு வரிவரியாகத் தெரிகிறது. அம்மா மெதுவாக, "ஒப்பாரி வைக்கிறாங்க" என்றார். தாத்தா போன அன்று எங்கள் வீட்டுத் திண்ணை அப்படித்தான் இருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பொன் மண்டபத்துச் சுவரோவியங்களை அஜந்தாவோடு ஒப்பிடுவார்கள். 1949 ஜனவரி 26 தீயில் அவை கருகிவிட்டன. மேல் மாடியைப் பழுதுக்காகக் கழற்றி வைத்திருந்ததால் அந்த அளவுக்குத் தப்பியது. அடுத்த ஆண்டே பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஜனவரி 26இல் நாடு முழுக்கக் கோயில்களில் தீயணைப்புப் பயிற்சி நடக்கிறது. நம் பழைய கோயில்களிலும் இப்படி ஒரு நாள் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நவம்பர் 9

அசுகா. சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சுற்றுவதுதான் இங்கே வழக்கம், நாங்கள் அம்மாவுக்காகச் சுற்றுப் பேருந்து. அறுவடை முடிந்த வயல், நடுவே இஷிபுதாய் கல்லறை. மூடியிருந்த மண் எப்போதோ போய்விட்டது, பாறைகள் மட்டும் நிற்கின்றன. மேல்கல் ஒன்றே 77 டன். உள்ளே இறங்கலாம், ஜில்லென்று இருந்தது. அசுகா காலத்தில் செல்வாக்கோடு இருந்த பிரபு சோகா நோ உமாகோவின் கல்லறையாக இருக்கும் என்கிறார்கள்.

அவர் கட்டிய அசுகாதெராவில் 7ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் புத்தர். தீயில் சிதைந்து ஒட்டுப் போட்ட வெண்கலம், கன்னத்தில் தையல் மாதிரித் தழும்பு. படம் எடுக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். நான் எடுத்தேன், அம்மா வேண்டாமென்று எதிரே பாயில் உட்கார்ந்துகொண்டார்.

பேருந்து நிறுத்தம் போகிற வழியில் ஆளில்லாத ஒரு தட்டியில் காக்கிப் பழம், பெர்சிமன்தான், பை நூறு யென். டப்பாவில் காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அம்மா காசு விழுகிற சத்தம் கேட்டதா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, பழத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்து எனக்குப் பாதி கொடுத்தார்.