எட்டு மணிக்கு விடிகிற ஊர்

அம்மாவைப் பெற்ற தாத்தா பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். கமுதிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். 1941-இல் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார், 1946-இல் திரும்பி வந்தார். இடையில் என்ன நடந்தது என்று அதிகம் பேசியதில்லை. மூன்று விஷயம் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாராம். "ரேஸ் கோர்ஸ்ல வச்சு எங்களக் கைமாத்தி விட்டாங்க." "ஜப்பான் பிரதமருக்கு முன்னால நடந்திருக்கேன்." "அந்த ஊர்ல எட்டு மணிக்குத்தான் விடியும்." மூன்றாவதைச் சொன்னால் திண்ணையில் இருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்களாம். தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவாராம்.

போன வருஷம் அம்மா தகரப் பெட்டியை ஒழித்தபோது அவருடைய தியாகி பென்ஷன் மனுவின் நகல் கிடைத்தது. ஆதாரம் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். மடிப்பில் கிழிந்து போன அந்தத் தாளைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்துவிடுவேன். முதலில் தாத்தாவின் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேடினேன். ஒன்றும் வரவில்லை. ஒரு சாதாரண லாரி டிரைவரின் பெயரை எந்தப் பத்திரிகை போடும்? அப்புறம் பெயரை விட்டுவிட்டு, அவர் சொன்னதைத் தேட ஆரம்பித்தேன்.

சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. இரண்டு நாள் கழித்து, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க் திடலில் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். குதிரைப் பந்தய மைதானமோ புக்கித் தீமாவில் இருந்தது. தாத்தாதான் தப்பாகச் சொல்லிவிட்டாரோ என்று அன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை. ஆனால் 1920-களின் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' பக்கங்களுக்குப் போனால், ஃபேரர் பார்க்தான் பந்தயத் திடல். புக்கித் தீமாவுக்கு மாறியதே 1933-இல்தான். பக்கத்துத் தெருவுக்கு இன்றைக்கும் ரேஸ் கோர்ஸ் ரோடு என்றுதான் பெயர். அங்கே இருந்த தமிழர்கள் வாயில் வந்த பெயரைத்தான் தாத்தாவும் சொல்லியிருக்கிறார்.

ஜப்பானியர் ஊருக்கு 'சியோனான்' என்று பெயர் மாற்றி, அந்தப் பெயரிலேயே ஆங்கிலப் பத்திரிகையும் நடத்தினார்கள். தேதியைப் பார்த்ததும் திகைத்துப் போனேன். வருஷம் 2603! அது ஜப்பானியப் பேரரசுக் கணக்கு; நமக்கு 1943. அந்த ஜூலை மாத இதழ்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். மை பரவிய இடங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் கண் எரிந்தது. 4-ஆம் தேதி நேதாஜி தலைமை ஏற்கிறார். 5-ஆம் தேதி பாடாங் திடலில், ஒப்படைக்கப்பட்ட சிப்பாய்களில் பலர் சேர்ந்திருந்த இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) அணிவகுப்பைப் பார்வையிடுகிறார். மறுநாள் அதே ராணுவம் ஜப்பான் பிரதமர் தோஜோவுக்கு முன்னால் அணிவகுக்கிறது. தாத்தா எந்த வரிசையில் நடந்தார் என்று தெரியாது. நடந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எட்டு மணி விஷயமும் அங்கேதான் தெளிந்தது. சியோனானில் கடிகாரம் டோக்கியோ நேரத்துக்கு ஓடியிருக்கிறது. ஊரைப் பிடித்த கையோடு நேரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய சிங்கப்பூர் நேரம் இன்றைய நேரத்தைவிட அரை மணி பின்னால் இருந்தது. இன்றைக்குச் சிங்கப்பூரில் ஏறக்குறைய ஏழு மணிக்குச் சூரியன் உதிக்கிறது. டோக்கியோ கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் முந்தி. ஏழும் ஒன்றும் எட்டு. இதை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

போர் முடிந்ததும் ஐ.என்.ஏ. ஆட்களை, தங்களிடம் எவ்வளவு விசுவாசம் என்று பார்த்து, வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று ஆங்கிலேயர் மூன்றாகப் பிரித்தார்கள். கறுப்பு என்றால் வேலையும் போச்சு, சேர வேண்டிய சம்பளமும் போச்சு. தாத்தா ஒரு அலுமினியத் தட்டோடு ஊர் வந்து சேர்ந்ததாக அம்மா சொல்வாள். அவரை எந்த நிறத்தில் வைத்தார்கள் என்று கேட்கவே தேவையில்லை.

அன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டாள்.

"எட்டு மணியா?"

"ஆமாம்மா. எட்டு மணி."

போனை வைத்துவிட்டாள். திண்ணையில் அதிகம் சிரித்தது பெரிய மாமாதானாம். அந்த நேரத்திலேயே அவரை எழுப்பியிருக்கிறாள். மறுநாள் மாமாவே என்னிடம் சொன்னார். "அண்ணே, அப்பா சொன்னது நெசம்ண்ணே" என்றாளாம். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லையாம்.