ஹோல்டனுக்குப் பத்து மார்க்

எங்கள் துறையில் அமெரிக்க இலக்கியத் தாளுக்கு அடிக்கடி வந்துபோகும் கேள்வி ஒன்று உண்டு: 'தி கேட்சர் இன் தி ரை' நாவலில் ஹோல்டன் கால்ஃபீல்டை இழுக்கும் சபலங்களையும் அவன்மேல் தாக்கம் செலுத்தும் மனிதர்களையும் விளக்குக. பத்து மார்க். கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் இதற்கு விடை தயாராகவே கிடைக்கும். சிகரெட், மது, விலைமாது, பொய், ஊதாரித்தனம் என்று முதல் பக்கம். தங்கை ஃபீபி, ஆசிரியர் ஸ்பென்சர், ஆசிரியர் ஆன்டோலினி என்று நல்வழி காட்டுபவர்கள் இரண்டாம் பக்கம். விடைத்தாள் திருத்தப் போனால் இந்த இரண்டு பக்கமும் வரி மாறாமல் கட்டுக்கட்டாக வரும். ஒரு வருஷம் நோட்ஸில் ஸ்பென்சரை யாரோ ஸ்பென்ஸ் என்று டைப் அடித்துவிட்டார்கள் போல. அந்த வருஷம் நான் திருத்திய கட்டு முழுக்க ஸ்பென்ஸ்தான்.

நான் ஓர் அரசு கலைக் கல்லூரியில் இரண்டாம் ஷிஃப்ட்டில் கௌரவ விரிவுரையாளர். எம்.ஏ. வகுப்பு மதியத்துக்கு மேல்தான். பிள்ளைகளில் பாதிப்பேர் காலையில் ஏதாவது வேலை பார்த்துவிட்டு வருவார்கள். பெயிண்டிங், ஜவுளிக்கடை, மெடிக்கல் ஷாப். முகூர்த்த நாள் என்றால் கேட்டரிங். ஆங்கில இலக்கியம் எடுத்துவிட்டார்களே தவிர, ஒரு ஆங்கில நாவலைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை படித்தவர்கள் குறைவு. ஜே. டி. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' அதற்குத் தோதான புத்தகம். அதிகப் பக்கம் இல்லை, பேச்சு ஆங்கிலம், கதை சொல்பவனும் இவர்களைவிடச் சில வயதே இளையவன். அதனால் நோட்ஸை மூடச் சொல்லிவிட்டு நாவலையே வகுப்பில் வாசிக்க ஆரம்பித்தேன். போர்ஷன் முடியாது என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். முடியத்தான் இல்லை.

1951-ல் வந்த நாவல். பதினாறு வயது ஹோல்டன் பென்சில்வேனியாவில் ஒரு விடுதிப் பள்ளியில் படிக்கிறான். ஆங்கிலம் தவிர நான்கு பாடத்திலும் ஃபெயில். வெளியே அனுப்பிவிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை புதன்கிழமைதான். அதுவரை பொறுக்காமல் சனிக்கிழமை ராத்திரியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நியூயார்க்குக்கு ரயில் ஏறிவிடுகிறான். அவன் வீடு அந்த ஊரில்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் போகாமல் ஹோட்டலில் ரூம் போடுகிறான். திங்கள்கிழமை வரை அவன் சுற்றுகிற சுற்றுதான் கதை.

வகுப்பில் நான் முதலில் செய்வது, நோட்ஸின் முதல் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு சபலத்திலும் அவனுக்கு என்ன கிடைத்தது என்று புத்தகத்தில் தேடச் சொல்வது. ஹோட்டல் பாரில் ஸ்காட்ச் கேட்கிறான். வயதுக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். கடைசியில் கோக் குடிக்கிறான். சியாட்டிலிலிருந்து ஊர் பார்க்க வந்த மூன்று பெண்களோடு ஆடுகிறான். அவர்கள் பாட்டுக்கு எழுந்து போய்விட, பில் இவன் தலையில். லிஃப்ட் ஓட்டும் மாரிஸ், ஐந்து டாலர், பெண் அனுப்பட்டுமா என்கிறான். இவனும் சரி என்றுவிடுகிறான். வந்த பெண்ணுக்கும் ஏறக்குறைய இவன் வயதுதான். அவள் கழற்றிக் கொடுத்த பச்சை கவுனை வாங்கி மாட்டும்போது இவனுக்கு ஒரு யோசனை ஓடுகிறது. இதை வாங்கக் கடைக்குப் போயிருப்பாளே, கடைக்காரருக்கு இவள் யாரென்று தெரிந்திருக்காதே, எல்லோரையும் போல ஒரு பெண் என்றுதானே நினைத்திருப்பார் என்று. அதோடு சரி. சும்மா பேசிக்கொண்டிருக்கலாமா என்று கேட்கிறான். ஐந்து டாலர் கொடுத்து அனுப்பியும் விடுகிறான். அப்புறம் மாரிஸே வந்து, பத்து டாலர் என்றல்லவா பேச்சு என்று சண்டை பிடித்து, வயிற்றில் ஒரு குத்து விட்டுப் போகிறான்.

வகுப்பு சிரிக்கும். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "மேம், இவனுக்குத் தப்புப் பண்ணக்கூடத் தெரியல" என்றான். எந்த நோட்ஸிலும் இல்லாத விமர்சனம். பட்டியலில் இருக்கும் எதிலும் ஹோல்டனுக்கு ருசி கிடைப்பதில்லை. பெரியவர்கள் செய்வதையெல்லாம் செய்து பார்க்கிறான். எல்லாவற்றிலும் பேச்சுத் துணைக்கு ஒரு ஆளைத்தான் தேடுகிறான். டாக்ஸி ஓட்டுநரிடம்கூட, ஏரி உறைந்துபோனால் சென்ட்ரல் பார்க் வாத்துகள் எங்கே போகும் என்று கேட்டுப் பார்க்கிறான்.

புத்தகத்தைத் தடை செய்யச் சொன்னவர்களும் இதே முதல் பக்கத்தோடு நின்றவர்கள்தான் என்பது என் எண்ணம். 1960-ல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் பதினோராம் வகுப்புக்கு இதைப் பாடமாக வைத்த ஆசிரியரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பிறகு அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், புத்தகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கெட்ட வார்த்தை, குடி, பெண். ஜெராக்ஸ் கடைக்கும் அவர்களுக்கும் பட்டியலில் பெரிய வித்தியாசம் இல்லை.

சரி, இந்த வகுப்பு ஒன்றும் ஹோல்டனை மடியில் வைத்துக் கொஞ்சவில்லை. காலையில் பெயிண்ட் வேலைக்குப் போய்விட்டு, நகக்கண்ணில் பிரைமரோடு வரும் ஒரு மாணவன் ஒருநாள் வெடித்தான். "அப்பா கார்ப்பரேட் வக்கீல். அண்ணன் ஹாலிவுட்ல கதை எழுதறான். பணம் தீர்ந்தா பாட்டி அனுப்புது. நாலு ஸ்கூல் மாத்தி விடறாங்க. எனக்கு ஒரே ஸ்கூல்தான் மேம், அதுவும் விட்டா வேற இல்ல. இவனுக்கு என்ன சோகம்?" நியாயமான கேள்வி. அதை அடக்கி உட்காரவைக்க எனக்கு மனமில்லை. ஹோல்டனே காசை எண்ணிப் பார்க்காதவன். தொண்ணூறு டாலர் டைப்ரைட்டரை விடுதிப் பையன் ஒருவனிடம் இருபது டாலருக்குத் தள்ளிவிட்டுத்தான் கிளம்புகிறான். மறுநாள் காலை ரயில் நிலையத்தில் இரண்டு கன்னியாஸ்திரீகளுக்குப் பத்து டாலர் நன்கொடை கொடுத்துவிட்டு, இன்னும் கொடுத்திருக்கலாமே என்று வருத்தப்படுகிறான். காசு இருக்கிறவனின் சோகம் என்று ஒதுக்குவதற்கு நாவலிலேயே இடம் இருக்கிறது.

அதற்கு எதிர்ப்பேச்சு என்னிடமிருந்து வரவில்லை. கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வரும், வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு பெண்ணிடமிருந்து வந்தது.

ஹோல்டனுக்கு ஆலி என்று ஒரு தம்பி இருந்தான். இரண்டு வயது இளையவன். 1946 ஜூலையில் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனான். பேஸ்பால் ஆடும்போது சும்மா நிற்கிற நேரத்தில் படிப்பதற்காகத் தன் கையுறை முழுக்கப் பச்சை மையால் கவிதை எழுதிவைத்திருந்த பையன். அவன் இறந்த இரவு பதின்மூன்று வயது ஹோல்டன் கராஜில் போய்ப் படுத்துக்கொண்டு, கை முஷ்டியாலேயே ஜன்னல் கண்ணாடிகளையெல்லாம் உடைக்கிறான். கை உடைந்துபோகிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இதெல்லாம் எந்த நோட்ஸிலும் இருக்கும். அந்தப் பெண் பிடித்தது வேறொரு இடத்தில், இருபதாம் அத்தியாயத்தில், போகிற போக்கில் வரும் ஒரு வரியை. ஆலியின் அடக்கத்துக்குத் தான் போகவில்லை, அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்கிறான் ஹோல்டன்.

"அவன் தம்பியக் கடைசியா வழியனுப்பவே இல்ல மேம்" என்றாள். அப்புறம் அவள் ஊர்க் கேத வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அங்கே சின்னப் பையன்களைச் சும்மா உட்காரவிட மாட்டார்கள். நாற்காலி எடுத்துப் போடு, தண்ணி கேன் தூக்கிட்டு வா, மாமாவுக்கு டீ கொடு என்று ஓடவிட்டுக்கொண்டே இருப்பார்கள். பதினாறாம் நாள் வரை வீட்டில் ஆள் இருக்கும். யாராவது ஒருவர் செத்தவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள், சமயத்தில் திட்டிக்கொண்டும். இவன் வீட்டில் என்ன செய்தார்கள்? அம்மா ராத்திரியெல்லாம் தூங்காமல் சிகரெட் பிடிக்கிறாள். பையன் விடுதிப் பள்ளிகளில். மனநல மருத்துவரிடம் காட்டலாமா என்று யோசித்ததாக ஹோல்டன் சொல்கிறான். தம்பியைப் பற்றி வீட்டில் யாரும் அவனிடம் உட்கார்ந்து பேசியதாக ஒரு வரிகூட இல்லை.

நியூயார்க் குடும்பத்தை நம் ஊர் கேத வீட்டால் அளப்பது சரியா என்று ஒரு கேள்வி எழும். விமர்சனக் கட்டுரை என்றால் நானே சிவப்பு மையால் சுழித்திருப்பேன். ஆனால் அந்த அளவுகோலால்தான் அவளுக்கு அந்த வரி கண்ணில் பட்டது. நான் பல தடவை வாசித்தும் தாண்டிப் போன வரி அது. அதற்குப் பிறகு ஃபிஃப்த் அவென்யூ காட்சியை வாசிக்கும்போது வகுப்பே வேறு மாதிரி கேட்டது. ஒவ்வொரு தெருவைக் கடக்கும்போதும் காணாமல் போய்விடுவோம் என்று ஹோல்டனுக்குப் பயம் வருகிறது. ஆலி, என்னைக் காணாமல் போக விட்டுவிடாதே என்று வேண்டுகிறான். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் தம்பிக்கு நன்றி சொல்கிறான். செத்தவர்களுக்குப் படையல் போட்டுக் கும்பிடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. பெயிண்ட் வேலைக்குப் போகும் மாணவனும் அன்று எதிர்த்துப் பேசவில்லை. ஒத்துக்கொண்டான் என்றும் சொல்ல முடியாது.

ஆன்டோலினி அத்தியாயம் வரும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் நெளிவுதான், ஆசிரியர் என்பதால். ஹோல்டன் தேடிப்போகும் ஒரே ஆசிரியர் அவர். பழைய பள்ளியில் ஜேம்ஸ் காசில் என்ற பையன், மற்ற பையன்களின் கொடுமை தாங்காமல் ஜன்னல் வழியே குதித்து இறந்தபோது, தன் கோட்டைப் போர்த்தி அவனைத் தூக்கிச் சென்றவர் இவர்தான். அதனால்தான் இந்த நள்ளிரவில் இவர் வீடு. அவர் சொல்லும் அறிவுரை அத்தனையும் சரி. நீ ஒரு பெரிய வீழ்ச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாய் என்கிறார். படிப்பு உன் மனதின் அளவை உனக்கே காட்டும் என்கிறார். ஒரு வாசகத்தைத் தாளில் எழுதிக் கையில் கொடுக்கிறார். நாவலில் ஹோல்டனுக்குக் கிடைப்பதிலேயே நல்ல பேச்சு அதுதான். அதன் நடுவே அவன் கொட்டாவி விடுகிறான்.

வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போன மாணவனைத் துறைத் தலைவர் அறையில் நிற்கவைத்து நாங்கள் பேசும்போதும் இந்தக் கொட்டாவி வரும். திமிர் என்று தோன்றும். முதல் நாள் ராத்திரி மண்டபத்தில் பந்தி முடிந்து பாத்திரம் ஏற்ற இரண்டு மணி ஆகியிருக்கும். ஹோல்டனும் ஒழுங்காகத் தூங்கி இரண்டு நாள் ஆகிறது, தலைவலி வேறு. ஆன்டோலினியோ கையில் கிளாஸோடு பேசிக்கொண்டே போகிறார். பையனைப் படுக்கப் போடு, காலையில் பேசிக்கொள்ளலாம் என்று அந்தக் கொட்டாவியைப் பார்க்கும்வரை அவருக்குத் தோன்றவில்லை.

அப்புறம் அந்த இருட்டு. தூக்கத்தில் விழித்துப் பார்த்தால் ஆன்டோலினி தரையில் உட்கார்ந்து இவன் தலையைத் தடவிக்கொண்டிருக்கிறார். ஹோல்டன் பதறிக் கிளம்பிவிடுகிறான். நோட்ஸில் இதற்கு இரண்டே வரி. ஆன்டோலினி கெட்டவர் என்று ஒரு நோட்ஸ், ஹோல்டன் தவறாகப் புரிந்துகொண்டான் என்று இன்னொன்று. நாவல் முடிவு சொல்லவில்லை. ஹோல்டனே மறுநாள் சந்தேகப்படுகிறான், தப்பாக நினைத்துவிட்டோமோ என்று. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வரி இருக்கிறது. சின்ன வயதிலிருந்து இந்த மாதிரி தனக்கு இருபது தடவையாவது நடந்திருக்கிறது என்கிறான். அவ்வளவுதான், மேலே ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரியை வாசித்த அன்று வகுப்பு அமைதியாகிவிட்டது. அவர் நல்லவரா கெட்டவரா என்ற விவாதத்தில் யாருக்கும் ஆர்வம் இல்லை. "சந்தேகம் வந்தா கிளம்பிடணும் மேம், அப்புறம் யோசிச்சுக்கலாம்" என்றாள் ஒருத்தி. நான் மேலே கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் ஸ்டாஃப் ரூம் வாசலில் இரண்டு பேர் தனித்தனியாக வந்து நின்றார்கள். அது இங்கே எழுதுவதற்கு இல்லை.

என்னைக் கேட்டால் ஹோல்டனுக்கு வரும் உண்மையான சபலம் ஒன்றே ஒன்றுதான்: போய்விடுவது. லிஃப்ட் கேட்டு லிஃப்ட் கேட்டு மேற்கே போய், ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலைக்குச் சேர்ந்து, காது கேட்காத வாய் பேசாத ஆள் மாதிரி நடித்து, யாரோடும் பேசாமல் காட்டோரம் குடிசை கட்டிக்கொண்டு இருந்துவிடுவது. குடியிலும் பெண்ணிலும் தடுமாறுகிறவன் இந்தத் திட்டத்தை மட்டும் ரசித்து ரசித்துச் சொல்கிறான்.

அதை நிறுத்தியது அறிவுரை இல்லை. பத்து வயது ஃபீபி தன் உடுப்புகளை அடைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு மியூசியம் வாசலுக்கு வந்து, நானும் வருகிறேன் என்கிறாள். முந்தைய ராத்திரிதான் கிறிஸ்துமஸுக்குச் சேர்த்துவைத்த 8 டாலர் 65 சென்ட்டைக் கொடுத்து அவனை அழவைத்தவள். ஹோல்டனுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. பள்ளி நாடகத்தில் அவளுக்கு முக்கியமான வேஷம், என்னோடு வந்தால் அது போய்விடுமே என்று. போ, ஸ்கூலுக்குப் போ என்கிறான். பள்ளி பள்ளியாகத் துரத்தப்பட்டவன் வாயிலிருந்து வரும் வசனம் இது. மாட்டேன் என்கிறாள். கடைசியில் நான் எங்கேயும் போகவில்லை என்று அவன்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் கல்லூரியில் போய்விடுவதற்குப் பெயர் டிஸ்கன்டினியூ. போகும் இடம் பெரும்பாலும் திருப்பூர். மூன்றாம் செமஸ்டரில் ஒருவன் அப்படிப் போனான். நன்றாகப் படிக்கிறவன்தான். நாங்கள் போன் செய்தோம், எடுக்கவில்லை. அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேர் அவனைக் கேட்காமலே பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டார்கள். கேட்டரிங் காசு. விஷயம் தெரிந்ததும் அவனுக்கு வந்த கோபத்தை நான் நேரிலேயே பார்த்தேன். பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, திங்கள்கிழமை துறை வராந்தாவில் நின்று அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தான். பணத்தை வாங்க மூன்று பேருமே மறுத்துவிட்டார்கள். பரீட்சை எழுதினான்.

அமெரிக்க இலக்கியத்தில் பாஸ். நாவலைப் படித்தாயா என்று கேட்டேன். "எங்க மேம், தீபாவளி ஆர்டர், நைட் ஷிஃப்ட் வேற. ஜெராக்ஸ்தான்" என்றான். நல்ல மார்க்தான் வாங்கியிருந்தான்.