பட்டப்பெயர் எங்கே வசவாகிறது?

ஒரே குலசாமியைக் கும்பிடும் ஊரில் தெருவுக்கு நாலு கருப்பசாமி இருப்பார்கள். தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரு வகையறாவிலேயே மூன்று பேர் தேறும். 'மில்லுக்கார' கருப்பசாமி, 'சைக்கிள்கடை' கருப்பசாமி, 'பம்பாய்' கருப்பசாமி என்று பிரித்தால்தான் மொய் நோட்டில் கணக்கு நேராகும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்கூட இதை மேற்கோள் குறிக்குள் அச்சடிப்பார்கள். காவல் நிலையத்தில் (எ) போட்டு எழுதுவார்கள். நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்த சீனிவாசனுக்குத் 'தேங்காய்' நிலைத்ததும் இந்த வகைதான். அடைமொழி முன்னால் நிற்கிறது, பேர் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

வசவில் பேர் கழன்றுவிடும். இலக்கணத்தில் இதுதான் அன்மொழித்தொகை, அதாவது சொல்லில் இல்லாத ஆளைக் குறிக்கும் தொடர்: 'பொற்றொடி வந்தாள்' (பொன் வளையல் போட்டவள் வந்தாள்) வார்த்த அதே அச்சில்தான் 'உம்மணாமூஞ்சி வந்தாச்சு' என்பதும் விழுகிறது. உறுப்பை வைத்துக் கட்டுவது ஒரு வகை: அழுமூஞ்சி, சிடுமூஞ்சி, ஓட்டைவாய். வினையோடு 'இ' சேர்ப்பது இன்னொன்று: தொடைநடுங்கி, ஊர்சுற்றி, வாயாடி. பொருளையே ஆளாக்குவதும் உண்டு. பழத்துக்கு வெளியே கொட்டை துருத்திக்கொண்டிருப்பதால் முந்திக்கொள்கிறவன் முந்திரிக்கொட்டை. இவற்றில் பெரும்பாலானவை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆனால் வாயாடி என்பது பெண் தலையில்தான் விழும். அதே அளவு பேசும் ஆண் 'நல்லா பேசுவாரு'. சிடுமூஞ்சி என்றதும் ஆள் சிடுசிடுத்தால் போச்சு, அந்தப் பேர் ஒட்டிவிடும்.

எது பட்டப்பெயர், எது வசவு என்று சந்தேகமா? 'அண்ணன்' சேர்த்து நேரில் கூப்பிட்டுப் பாருங்கள். சைக்கிள்கடை அண்ணே, சரி. பம்பாய் அண்ணே, சரி. சொட்டை அண்ணே என்று கூப்பிட யாருக்கு வாய் வரும்?

நொண்டி, செவிடு போன்றவை பேருக்கு முன்னால் நின்றாலும் வசவுதான். மாற்றுத்திறனாளியைப் பிறர் பார்வைபடும் இடத்தில் சிறுமைப்படுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பிற சாதியார் அதேபோன்ற இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் தண்டனைக்காலம் அதேதான். வெளியாள் யாருமில்லாத நாலு சுவருக்குள் நடந்தால் இந்த வன்கொடுமைப் பிரிவு பொருந்தாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தெருவிலிருந்து தெரியும் வாசல் அந்த நாலு சுவர்க் கணக்கில் வராது, அது பிறர் பார்வைபடும் இடம்தான்.