‘நல்லாத்தானே ஓடுது சார்’: புது டெஸ்க்டாப்பில் ஒரு கெட்ட ரேம்

புதிதாகப் பொருத்திய கம்ப்யூட்டர் நீலத்திரை (பிழை காட்டி விண்டோஸ் நின்றுபோகும் திரை) காட்டினால் கடையில் சொல்லும் முதல் வார்த்தை, “விண்டோஸ் மாத்திப் போடுங்க”. இரண்டாவது, “டிரைவரா இருக்கும்”, அதாவது பாகங்களை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள். மூன்றாவது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் மேஜையில் வைத்த பிறகு வரும்: “நல்லாத்தானே ஓடுது சார்”. மூன்றையும் கேட்டாகிவிட்டது. போன மாதம் எழுதியிருந்தால் இதில் பாதி வசவாக இருந்திருக்கும். இப்போது மெஷின் ஓடுகிறது, அதனால் கால்வாசிதான்.

ரைசன் 5 9600எக்ஸ் பிராசஸர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் ஸ்டிக் இரண்டு, ஒரு கிராபிக்ஸ் கார்டு. எல்லாம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே கடையில் வாங்கி, வீட்டில் நானே பொருத்தினேன். பொருத்துவதில் சொல்ல எதுவும் இல்லை, ஒரு மாலை நேர வேலை.

ஸ்விட்சைப் போட்டதும் விசிறிகள் சுற்றின, திரையில் ஒன்றும் இல்லை. போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். அதில் சிபியு விளக்கு சிவப்பாக நின்றுவிட்டது. பி650 போர்டுகள் 2022இல் வந்தவை, 9600எக்ஸ் வந்தது 2024 ஆகஸ்டில். கடையில் கிடந்த பழைய ஸ்டாக் போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸுக்கு இந்தப் பிராசஸரை அடையாளம் தெரியாது. கடைக்காரரிடம் வாங்கும்போதே கேட்டிருந்தேன், “அதெல்லாம் அப்டேட் ஆகித்தான் சார் வரும்” என்றார். நல்லவேளை, பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ் பட்டன் இருந்தது. பென்டிரைவை ஃபேட்32 ஆக்கி, புது பயாஸ் கோப்புக்குக் கையேட்டில் சொன்ன பெயரை வைத்து, அதற்கென்று குறித்த யுஎஸ்பி துளையில் செருகி அழுத்தினால் போதும், பிராசஸர் இல்லாமலே ஏறிவிடும். போர்டு வாங்குகிறவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இந்தப் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது மஞ்சள் விளக்கு, டிராம், அதாவது ரேம். இங்கே பொறுமைதான் மருந்து. டிடிஆர்5 போர்டுகள் முதல்முறை ரேமை அளந்து பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். செத்துவிட்டது என்று நினைத்து நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன், பயாஸ் திரை வந்திருந்தது.

தொல்லை ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். விண்டோஸ் நிறுவும்போது பாதியில் ‘தேவையான கோப்புகளை நிறுவ முடியவில்லை’ என்று நின்றது. பென்டிரைவை மாற்றினேன், ஏறியது. ஏறிய பிறகு பிரவுசர் டேப்கள் தானாகச் செத்தன, கேமை இறக்கி விரித்தால் கோப்பு சிதைந்திருக்கிறது என்றது, பிறகு நீலத்திரை. ஒருநாள் மெமரி மேனேஜ்மென்ட், மறுநாள் பேஜ் ஃபால்ட், இன்னொரு நாள் ஐஆர்க்யூஎல் என்று ஏதோ. சில நேரம் நீலத்திரைகூட இல்லாமல் பட்டென்று ரீஸ்டார்ட். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தால் கெர்னல் பவர் 41. அதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ‘ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி எழுந்தது’ என்பதற்கு மேல் அந்த வரிக்கு எந்த அர்த்தமும் இல்லை.

ஒரே டிரைவர் பெயரோடு ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவரைச் சந்தேகிக்கலாம். தினம் ஒரு பிழை, தொடர்பே இல்லாத இடங்களில் வந்தால் முதலில் ரேமைத்தான் பார்க்க வேண்டும். ரேமை டப்பாவில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் பயாஸ் அமைப்பான எக்ஸ்போவை அணைத்து, 6000 ரேமை அதன் அடிப்படை வேகமான 4800க்கு இறக்கினேன். நீலத்திரை கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். “ரேமை மட்டும் கொண்டு வந்தா செக் பண்ண முடியாது சார், ஃபுல் சிஸ்டம் கொண்டு வாங்க.” செங்கல்பட்டிலிருந்து பீச் வண்டியில், கண்ணாடிக் கதவு வைத்த கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு எழும்பூர் வரை வந்து பாருங்கள், தெரியும். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டேன். கனமான கார்டைச் செருகியபடி தூக்கிப் போனால் ஸ்லாட் விரிசல் விடலாம். இந்தப் பிராசஸரிலேயே சின்ன கிராபிக்ஸ் இருப்பதால் கார்டு இல்லாமலும் திரை வரும், சந்தேகப் பட்டியலில் ஒரு பெயரும் குறையும்.

கவுன்டரில் இருந்த தம்பிக்கு அதுவே பிடித்துக்கொண்டது. “கார்டு இல்லாம எப்படி சார் செக் பண்றது?” பிறகு ஆன் செய்தார். விண்டோஸ் வந்தது. விண்டோஸோடு வரும் மெமரி சோதனையை ஓடவிட்டார், பிழை இல்லை என்றது. யூடியூபில் ஒரு பாட்டை ஓடவிட்டு, “நல்லாத்தானே ஓடுது சார்” என்றார். பத்து நிமிடம் ஓடினால் நல்லது என்றால் நான் எதற்கு வருகிறேன்? செக் பண்ணியதற்குச் சர்வீஸ் சார்ஜ் வேறு கேட்டார். வாரன்டியில் இருக்கும் பொருளுக்கு எதற்கு என்று குரலை உயர்த்திய பிறகு விட்டுவிட்டார். அதே பெட்டி, அதே வண்டி, வீடு.

இனி ஆதாரம் இல்லாமல் போவதில்லை என்று அன்று முடிவு செய்தேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்தேன். விண்டோஸ் சோதனை மேலோட்டமானது, அது பாஸ் என்றால் ஒன்றும் நிரூபணமாகாது. இது மணிக்கணக்கில் அரைக்கும். இலவசப் பதிப்பே நான்கு சுற்று வரை ஓடும். முதல் சுற்று முடியும் முன்பே திரையில் சிவப்புப் பிழை வரிகள்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் “போர்டா இருக்கும், பிராசஸரா இருக்கும்” என்று அடுத்த கவுன்டருக்குத் தள்ளியிருப்பார்கள். அதனால் ஒரு ரேமை மட்டும் பிராசஸரிலிருந்து இரண்டாவதாக உள்ள ஏ2 ஸ்லாட்டில் போட்டேன், பிழை. அதையே நான்காவது ஸ்லாட்டான பி2க்கு மாற்றினேன், அங்கேயும் பிழை. இன்னொரு ரேமை ஏ2வில் போட்டேன், நான்கு சுற்றும் சுத்தம். ஸ்லாட் மாறினாலும் குற்றம் அந்த ஒரே ரேமோடு நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் அந்தக் கறுப்புத் திரைக்காகக் காத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. எல்லாவற்றையும் எக்ஸ்போ அணைத்து, 4800இல் மட்டும் செய்தேன். ஒவ்வொரு சிவப்புத் திரையையும், ரேமின் சீரியல் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்தேன். மெம்டெஸ்ட் திரையிலேயே வேகம் தெரியும், அதுவும் போட்டோவில் விழும்படி.

மறுபடி கடை. இந்த முறை கையில் ரேம் மட்டும். அதே தம்பி. “டிடிஆர்5ல ஈசிசி இருக்கு சார், ரேம் எரர் வராது.” டிடிஆர்5 சிப்புக்குள் ஈசிசி என்று பிழையைத் திருத்தும் ஓர் ஏற்பாடு இருப்பது உண்மை. அது சிப்புக்குள் விழும் சின்னப் பிழையை மட்டும் பார்க்கும். ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவில் நடப்பது அதன் கணக்கில் வராது. அடுத்த அம்பு: “6000ல ஓட்டினா ஓவர்கிளாக் சார், வாரன்டி வராது.” அடிப்படை வேகத்துக்கு மேல் முடுக்குவதுதான் ஓவர்கிளாக். டப்பாவில் கொட்டை எழுத்தில் 6000 என்று அச்சடித்து விற்றுவிட்டு இப்படிச் சொல்வது தனிக் கலை. போட்டோவில் 4800 என்று இருந்த இடத்தைக் காட்டினேன். உள்ளேயிருந்து வந்த பெரியவர் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “ஸ்டிக்குதான் போயிருக்கு, சர்வீஸ் சென்டருக்கு அனுப்புடா” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இத்தனை பாடு.

சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து முறை வந்தால், “பில்லுல சீரியல் நம்பர் இல்லையே சார்”. ஜிஎஸ்டி பில்தான். ஆனால் கடையில் பிராசஸருக்கும் போர்டுக்கும் சீரியல் அடித்துவிட்டு ரேமுக்கு ‘16 ஜிபி, 2’ என்று விட்டிருக்கிறார்கள். கடைக்கு நடந்து, எழுதி, சீல் வாங்கி வருவதற்குள் மதியச் சாப்பாட்டுக்கு மூடிவிட்டார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு சீரியலையும் பில்லோடு ஒப்பிடுங்கள். பில்லுக்குப் பதில் எஸ்டிமேட் சீட்டை நீட்டினால் வாங்கவே வேண்டாம்.

இன்னொன்று: கெட்டது ஒன்றுதான் என்றாலும் ஜோடியாக விற்ற ரேமை ஜோடியாகத்தான் வாங்கிக்கொள்வார்கள். அதுவரை ஓட்ட ஒரு ஸ்டிக் கேட்டேன், ஸ்டாண்ட்பை கிடையாதாம். அவ்வளவு காசு கொட்டி வாங்கியது மேஜையடியில் சும்மா கிடந்தது.

மாற்று ஜோடி வந்ததும் விண்டோஸைத் தொடவில்லை. முதலில் 4800இல் நான்கு சுற்று, பிறகு எக்ஸ்போ போட்டு 6000இல் நான்கு சுற்று. சுத்தம். அதற்குப் பிறகு பழைய விண்டோஸைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். கெட்ட ரேம் வழியாக எழுதப்பட்ட எதையும் நம்ப முடியாது.

இதை நான் உணர்ந்தது படங்களைப் பார்த்தபோது. ரேம் கெட்டிருந்த நாட்களில் பழைய டிஸ்க்கிலிருந்து குடும்பப் படங்களைப் புது எஸ்எஸ்டிக்கு மாற்றியிருந்தேன். பிழை என்று எதுவும் சொல்லாமல் காப்பி ஆனவைதான். அதில் சில படங்களின் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். மூலம் பழைய டிஸ்க்கில் இருந்ததால் பிழைத்தேன். இப்போது எல்லாவற்றையும் மறுபடி காப்பி செய்து, 7-ஜிப்பில் ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரி ஒரு குறியீடு) எடுத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த டிஸ்க்கை வாங்க முன்பணம் கொடுத்த பக்கத்துத் தெருப் பையன் தினமும் கேட்கிறான். முடியும்வரை தருவதாக இல்லை.